உளவியல் படித்தால் வேலை கிடைக்குமா? பைத்தியங்களோடு காலம் தள்ளும் படிப்பு என்கிறார்களே வீட்டில்?

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை.

நான் பாம்பன்காரி. என் சித்தப்பா, மனநலம் குன்றியவர்களைக் குணமாகும் என்று தர்காவுக்குக் கூட்டிவரும் ஏர்வாடியில், ஒரு காப்பகத்தில் இரண்டு வருடம் சங்கிலியில் கிடந்தவர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அதே ஊரில் வேறொரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியோடு கிடந்த 28 பேர் வெந்து இறந்தார்கள். ஒரு வாரத்தில் அப்படிப்பட்ட காப்பகங்களை அரசு மூடியது. சித்தப்பா அரசு மருத்துவமனைக்குப் போய், சில மாதம் கழித்து வீடு வந்தார். அவருக்கு இருந்தது மனச்சிதைவு நோய் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

மாத்திரை கொடுத்தவர் மனநல மருத்துவர். ஆனால் பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்து, "குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால் மறுத்துச் சண்டை போடாதீர்கள் அம்மா, பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள்" எனச் சொல்லிக்கொடுத்தது, மதுரையிலிருந்து வந்த உளவியல் படித்த ஓர் அக்கா. மெல்ல மெல்லச் சித்தப்பா மறுபடியும் வலை பின்ன உட்கார்ந்தார். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து ஊசியை ஓட்டுவார். கைலி விலகும்போது கணுக்காலுக்கு மேலே வளையம் போட்டதுபோல் கறுத்த தழும்பு தெரியும். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தேன்.

தர்காவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாட்டி வாங்கிவந்த தர்கா விளக்கின் எண்ணெய் இன்றும் எங்கள் மாடத்தில் இருக்கிறது. துவாவும் ஓதட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும். சங்கிலி மட்டும் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் அதைத் தடை செய்திருக்கிறது.

வேலைக்கு வருகிறேன். இளங்கலையோடு நிறுத்தினால் பிழைப்பது கடினம். முதுகலை முடித்தால் பள்ளி, கல்லூரிகளில் ஆலோசகர், போதை மீட்பு மையம் (நான் இருப்பது இதில்தான்), நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, 14416 டெலி மானஸ் போன்ற மனநல உதவி எண்கள் என்று வழி உண்டு. மருத்துவ உளவியலாளர் ஆக, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து அங்கே பதிவு செய்ய வேண்டும். அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரிக்காமல் சேர்ந்து என் தோழி இரண்டு வருடத்தைத் தொலைத்தாள். மருந்து எழுதும் வேலை நம்முடையதல்ல, அது மருத்துவம் படித்தவர்களுடையது.

உங்கள் அப்பாவும் கடலுக்குப் போய்த்தான் படிக்க வைக்கிறார் என்று நினைக்கிறேன். எனக்குக் கட்டணம் கட்டியது அப்பாவின் விசைப்படகு. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அது அக்கரையில், இலங்கையில், மட்கிக்கொண்டிருக்கிறது. ஆளை விட்டார்கள், படகை விடவில்லை. எத்தனை மனு எழுதிவிட்டோம்! இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு, கடலுக்குக் கிளம்பும் நேரத்தில், அப்பா எழுந்து வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். எத்தனையோ பேருக்கு ஆலோசனை சொன்ன எனக்கு, அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சேர்க்கை முடிவதற்குள் உங்கள் அம்மாவை என்னோடு பேசச் சொல்லுங்கள். சித்தப்பாவும் பக்கத்தில் இருப்பார், அவரிடமே கேட்கட்டும்.