பிறந்தநாள் சாப்பாடு பிழைத்துப் போனால் எப்போது வாய் திறப்பது?

கேள்வி: அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மட்டக்களப்பில் பெயர்பெற்ற ஏசியன் ரெஸ்டோரண்ட் ஒன்றுக்குச் சனிக்கிழமை இரவு எட்டுப்பேர் போனோம். ஒன்றேகால் மணித்தியாலம் காத்திருந்தோம். ப்ரைட் ரைஸ் ஆறிப்போய் வந்தது, ஹொட் பட்டர் கணவாய் நமுத்திருந்தது. அம்மா பாதியைத் தள்ளி வைத்துவிட்டு, "நல்லாத்தான் இரிக்கு மகள்" என்றார். பேசாமல் பில்லைக் கட்டிவிட்டு வந்தோம். அதில் 10 வீதம் சேவைக் கட்டணமும் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (வாசகி, கல்லடி)

பதில்: கேட்கலாம். ஆனால் முழுப்பணமும் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். கேட்க வேண்டிய நேரம் அந்த மேசையிலேயே இருந்தது.

முதலில், என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். சைனீஸ் தாச்சியில் ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று பேருக்கான சோற்றைத்தான் ஒழுங்காக வறுக்கலாம். அதற்கு மேல் கொட்டினால் சூடு இறங்கி, சோறு வறுபடாமல் அவியும். எட்டுப்பேரும் எட்டு விதமாகச் சொன்னால், முதல் தட்டு எட்டாவது தட்டுக்காகக் காத்து நிற்கும். கணவாய்க்கு அந்தக் காத்திருப்பு ஆகவே ஆகாது. பொரித்த கையோடு சாப்பிட்டால் மொறுமொறு என்றிருக்கும். சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வந்து மேல்மாவை இளக்கிவிடும். மூடி வைத்தால் இன்னும் கெதியாக நமுத்துவிடும். ஆக, கணவாய் பழையதாகத்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது அடுப்படியின் திட்டமிடல் பிழை, உங்கள் பிழை இல்லை.

ஆறிய சோற்றை மட்டும் லேசாக விட வேண்டாம். பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்தாலும் சாகாது. சோறு வெளியே நெடுநேரம் கிடந்தால் பெருகி, நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் "கொஞ்சம் சூடாக்கித் தாங்க" என்று கேட்காமல், புதிதாக வறுத்துத் தரச் சொல்லுங்கள். சாப்பிட்ட சில மணித்தியாலங்களில் யாருக்காவது வாந்தி வந்தால் டொக்டரிடம் போங்கள், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள்.

சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு அது சரி. காசு கொடுத்து வாங்கும் தட்டுக்கு அப்படி இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டதுமே மனேஜரைக் கூப்பிட்டு, "அம்மாட பிறந்தநாள், இந்தக் கணவாயை ஒருக்கா நீங்களே பாருங்க, வேற போட்டுத் தாங்க" என்று அமைதியாகச் சொன்னால் போதும். தட்டு வெறுமையான பிறகு காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சேவைக் கட்டணம் கடை போடுவது, அரசாங்க வரி இல்லை. 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்ட வற் (பெறுமதி சேர் வரி) வேறு. கவனிப்புச் சரியில்லை என்றால், கட்டும் முன் சேவைக் கட்டணத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். மெனுவில் முன்கூட்டியே அச்சடித்திருந்தால் அவர்கள் மறுக்கவும் கூடும்.

இப்போதைக்கு பில்லைப் பத்திரமாக வையுங்கள். பின்னேரம் மூன்று, நான்கு மணிபோல, கூட்டமில்லாத நேரத்தில் மனேஜரை நேரில் பாருங்கள். நாள், நேரம், எந்தத் தட்டு என்று சொல்லி, அந்த இரண்டு சாப்பாட்டின் காசை மட்டும் கேளுங்கள். மெனுவில் உள்ளதைவிடக் கூடுதலாக எடுத்திருந்தாலோ, பில் தர மறுத்தாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்து முறைப்பாடு என்றால் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ருசி போதாது என்று மட்டும் அங்கே போய் அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், அம்மாவை இன்னொரு நாள் கூட்டிப் போங்கள். வார நாளில், ஏழு மணிக்கு முன்னம். நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிட நான்கு வகை போதும், முதல் நாளே சொல்லி வையுங்கள். கணவாயை மட்டும் எல்லாரும் வந்து இருந்த பிறகு சொல்லுங்கள்.