டிவி இலவசம், ஒயர் யாருடையது?

கேள்வி: தமிழ்நாட்டில் கட்சிக்கு ஒரு டிவி இருக்கிறது. யாரிடம் பெரிய டிவி இருக்கிறதோ அவர்களுக்குத்தான் ஆட்சி என்கிறேன். மறுக்க முடியுமா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: முடியும். 2011 தேர்தலை மறந்துவிட்டீர்கள். ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க. பக்கம் சன், கலைஞர் என்று இரண்டு பெரிய டிவிகள். 2006-இல் சொன்னபடி 14 அங்குலக் கலர் டிவியையும் ஏராளமான வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. வேனில் நின்று வடிவேலு விஜயகாந்தை வறுத்தெடுத்ததை ஊர் ஊராகக் காட்டினார்கள். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போய் ஓட்டை வேறு பக்கம் குத்திவிட்டு வந்தார்கள். தி.மு.க.வுக்கு 23 இடம். வறுபட்ட விஜயகாந்துக்கு 29 இடம், கூடவே எதிர்க்கட்சித் தலைவர் பதவி. அந்தச் செய்தியையும் கொடுத்த டிவியிலேயேதான் பார்த்தார்கள்!

2001-இல் மட்டும் என்ன? சன் டிவி உச்சத்தில் இருந்தபோதுதான் தி.மு.க. தோற்றது. அப்புறம் கருணாநிதியின் அந்த ஜூன் 30 நள்ளிரவுக் கைது. சன் டிவி ஒரு விதமாகக் காட்டியது, ஜெயா டிவி வேறு விதமாகக் காட்டியது. ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, எது நிஜம் என்பதை டீக்கடையில் போய்ப் பேசித்தான் முடிவு செய்தோம்.

நீங்கள் பெட்டியைப் பார்க்கிறீர்கள். நான் பெட்டிக்குப் பின்னால் போகும் ஒயரைப் பார்க்கச் சொல்கிறேன். டிவிதான் இலவசம், கேபிள் இல்லை. மாதம் பிறந்தால் கேபிள்காரர் சின்ன நோட்டும் காதில் சொருகிய பேனாவுமாக வாசலில் வந்து நிற்பார். அந்தக் கேபிள் தொழிலில் அப்போது பெரிய கை, சன் குழுமத்தின் கை. 2007-இல் கருணாநிதிக்கும், சன் குழுமத்தை நடத்தும் அவருடைய பேரன் முறை மாறன் சகோதரர்களுக்கும் குடும்பச் சண்டை வந்தது. உடனே அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது. 2008 கடைசியில் சமாதானம் ஆனது; அரசு கேபிள் படுத்துவிட்டது. மக்கள் நலத் திட்டம் ஒன்று குடும்பச் சண்டையோடு எழுந்து, அதோடு படுத்த கதை வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை. 2011-இல் ஜெயலலிதா வந்து அதைத் தட்டி எழுப்பினார். மாதம் 70 ரூபாய். ஆனால் தொடக்கத்தில் அதில் சன் டிவி இல்லை. சீரியல் நேரத்தில் வீட்டுப் பெண்கள் கேபிள்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். பாவம், அவர் என்ன செய்வார்?

சேனல் வைத்திருப்பவர் தனக்கு வேண்டியதைக் காட்டலாம், அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் நீங்கள் மாற்றிவிடுவீர்கள். ஒயர் கையில் இருப்பவரோ, நீங்கள் எதை மாற்றிப் பார்க்கலாம் என்பதையே தீர்மானிக்கிறார். ஒரு செய்தி சேனலைத் தடை செய்தால் கோர்ட், ஆர்ப்பாட்டம் என்று ஆகிவிடும். அதையே எங்கோ கடைசி நம்பருக்குத் தள்ளிவிட்டால் கேட்க நாதி கிடையாது.

அது சரி, உங்கள் வீட்டில் கேபிளா, டிஷ்ஷா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.