இரண்டையும் எடுக்கத்தான் வேண்டுமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் ஆபரேஷன் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன். எனக்கு 42 வயது, திருப்பூர் பக்கம். இடது மார்பில் கேன்சர் கட்டி, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாத ட்ரிபிள் நெகட்டிவ் வகை என்றார்கள். கீமோ முடியப்போகிறது, அடுத்து ஆபரேஷன். அம்மா 53 வயதில் சினைப்பை கேன்சரில் போனதால் மரபணு டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள், பிஆர்சிஏ1 பாசிட்டிவ், அதாவது மார்பு, சினைப்பை கேன்சர் வாய்ப்பைக் கூட்டுகிற பரம்பரைக் கோளாறு அந்த மரபணுவில் இருக்கிறதாம். வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் இரண்டையும் எடுப்பது பற்றி யோசியுங்கள் என்கிறார் சர்ஜன். நன்றாக இருப்பதை எதற்கு வெட்டணும் என்கிறார் கணவர். எடுத்த இடத்தில் புதிதாக மார்பு வைத்துக்கொள்ளலாம் என்று சர்ஜன் சொன்னதைக் கேட்டு மாமியார், “ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இந்த வயசுல அது எதுக்கு” என்றார். எனக்கு வேண்டும் போலத்தான் இருக்கிறது, அப்படி ஆசைப்படுவது தப்போ என்றும் இருக்கிறது. மகளுக்கு 15 வயது. அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், அதனால் டெஸ்ட் விஷயம் வெளியே போகக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ராத்திரி தூக்கமில்லை. பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தோழிக்கு,

முதலில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு பக்கமும் எடுத்தாயிற்று, பதிலுக்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, தட்டையாகவே இருக்கிறேன். டாக்டரும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்வி. மரபணுக் கோளாறு இல்லாத ஒரு பெண் பயத்தில் இரண்டையும் எடுத்துவிடலாமா என்று எழுதியிருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ஒரு மார்பில் கேன்சர் வந்த ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை வைத்து 2024-ல் ஓர் ஆய்வு வந்தது, இருபது வருடக் கணக்கு. மறு மார்பை எடுக்காதவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அங்கே புதிதாக வந்தது. இரண்டையும் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிக நாள் வாழவும் இல்லை. ஏன் என்று யோசித்தால் புரியும், உயிரை எடுப்பது ஏற்கெனவே வந்த கட்டி எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவுவது, வலதை வெட்டினால் இடது பக்கத்து நோய் பரவாமல் நின்றுவிடப்போவதில்லை.

ஆனால் உங்கள் கணக்கு வேறு. பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு ஒரு பக்கம் வந்தபின் இருபது வருடத்தில் மறு பக்கமும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பது. உங்களுக்கு வயது 42தான், எனவே அந்த இருபது வருடம் வெறும் காகிதக் கணக்கு இல்லை. சர்ஜன் பேச்சை எடுத்தது இதனால்தான், கணவரிடம் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், ஏழு, நாற்பது. எடுக்காமல் வருடம் ஒரு எம்ஆர்ஐ, மேமோகிராம் என்று கண்காணித்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு, அதுவும் மருத்துவம் ஒப்புக்கொண்ட வழிதான். இன்னொன்று, வலதை அதே நாளில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்து, புண் ஆறத் தாமதமாகி, அதனால் ரேடியேஷன் தள்ளிப்போனால் நஷ்டம் இடது பக்கத்துக்கு. வந்திருக்கிற நோய்க்கு முதலில் வைத்தியம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வலதைப் பார்த்துக்கொள்ளலாமா என்று சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள்.

கடிதத்தைப் படித்ததும் என்னை உறுத்தியது வேறொன்று. வீட்டில் ஆளாளுக்கு மார்பைப் பற்றியே பேசுகிறார்கள், சினைப்பையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அம்மா போனது அதில்! பிஆர்சிஏ1 இருந்தால் வாழ்நாளில் சினைப்பை கேன்சர் வரும் வாய்ப்பும் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது. மார்புக்காவது எம்ஆர்ஐ இருக்கிறது, சினைப்பைக்கு நம்பகமான முன்கூட்டிய பரிசோதனை எதுவும் கிடையாது, தெரியவரும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். அதனால் பிள்ளை பெற்று முடித்தவர்கள் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். உங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. ஏஞ்சலினா ஜோலி கேன்சர் வருமுன்னே மார்பகங்களை எடுத்ததாக 2013-ல் எழுதியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது, 2015-ல் அவர் சினைப்பைகளையும் எடுத்தது பலருக்கு ஞாபகமில்லை. அவருக்கும் அதே பிஆர்சிஏ1, அவருடைய அம்மாவும் 56 வயதில் போனவர். இது சின்னத் துளைகள் வழியே செய்கிற லாப்ராஸ்கோப்பியில் முடிகிற ஆபரேஷன்தான், ஆனால் மாதவிடாய் சட்டென்று நின்று உடம்பு தீயாய் எரியும், எலும்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை போகும்போது இதைத்தான் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

சரி, மாமியார் விஷயம். எங்கள் பெரியப்பா எழுபது வயதில் பல்செட் கட்டிக்கொண்டார், இந்த வயசுல எதுக்கு என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்கு வேண்டும் போல இருக்கிறது என்றால் அதுவே போதுமான காரணம், அதற்கு மேல் நியாயம் கற்பிக்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டாம் என்று தோன்றியது, மேலும் ஓர் ஆபரேஷனுக்கு உடம்பில் தெம்பும் இல்லை, அவ்வளவுதான், அதில் தியாகமோ வீரமோ எதுவும் இல்லை.

ஆனால் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இம்ப்ளான்ட், அதாவது உள்ளே வைக்கிற சிலிகான் பை என்றால் ஆபரேஷன் சின்னது, சீக்கிரம் எழுந்துவிடலாம், ஆனால் ஆயுளுக்கும் ஒரே இம்ப்ளான்ட் இருக்கும் என்று நினைக்காதீர்கள், பிற்பாடு மாற்ற வேண்டி வரலாம். ரேடியேஷன் பட்டால் அதைச் சுற்றியுள்ள திசு இறுகிக் கல்லாகிவிடுகிற அபாயம் கூடுகிறது, அதனால் உங்களுக்கு ரேடியேஷன் உண்டா இல்லையா என்பது தெரியாமல் இந்தப் பேச்சே எடுக்க முடியாது. மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்றும் கேளுங்கள், சொரசொரப்பான ஒரு வகை லிம்போமா என்கிற நிணநீர்க் கேன்சரில் அரிதான ஒரு வகையோடு தொடர்புடையது என்று 2019-ல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. இன்னொரு வழி அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பில் வைத்துத் தைப்பது. இரண்டு பக்கம் என்றால் எட்டு மணி நேரம், அதற்கு மேலும் ஆகும், வயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புவரை தழும்பு. என் சிநேகிதி அதைத்தான் செய்துகொண்டாள், முதல் மாதம் கூனிக்கொண்டு நடந்தாள், என்னைத் திட்டினாள், சர்ஜனைத் திட்டினாள், இன்றைக்குக் கேட்டால் மறுபடியும் அதையே செய்வேன் என்கிறாள்.

எந்த வழியில் போனாலும் உருவம் திரும்புமே தவிர தொடு உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மரத்துப்போன இடம் என்பதால் வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்ததுகூடத் தெரியாமல் போகலாம். அதே சமயம் இல்லாத காம்பில் அரிக்கும். எனக்கு ரொம்ப நாள் அரித்தது, சொறிய இடமில்லாமல் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.

பணம் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானே சொல்கிறேன். தனியார் இன்ஷூரன்ஸ் இருந்தால், மார்பைப் புதிதாக அமைக்கிற இந்த மறுசீரமைப்பை அழகு சிகிச்சை என்று தள்ளப் பார்ப்பார்கள். பாலிசியில் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணமில்லை என்கிற விலக்கு வரியை முழுக்கப் படியுங்கள், விபத்து, தீக்காயம், கேன்சருக்குப் பிந்தைய மறுசீரமைப்பு தவிர என்று அதிலேயே இருக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துகிற ஐஆர்டிஏஐ வகுத்த பொது வாசகம் அது. நோய் வராத வலது பக்கத்துக்கு மட்டும் தகராறு வரலாம், ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்கு வரும்போது பக்கவாட்டில், புண்ணில் ஊறும் நீரை வெளியே எடுக்கிற ட்ரெயின் ட்யூப் தொங்கும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகள், உள்பக்கம் பை தைத்து, இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள். சர்ஜன் சொன்ன நாளிலிருந்து சுவரில் விரலால் ஏறும் பயிற்சியை விடாதீர்கள், விட்டால் தோள் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியை உங்களுக்குத் தோன்றும்போது பாருங்கள், அவசரமில்லை. கணவருக்குக் காட்டுவதும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் நான் நூலில் பின்னிய ஒன்றை உள்ளே வைத்துக்கொள்கிறேன், ரவிக்கை நிற்க வேண்டுமே.

கடைசியாக, ரகசியம். அண்ணன் ஆண்பிள்ளை என்பதால் அவருக்கு இதில் சம்பந்தமில்லை என்று வீட்டில் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. இது அம்மா வழியில் வந்திருந்தால் அண்ணனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவருக்கு இருந்தால் அவர் மகளுக்கும் பாதிக்குப் பாதி. உங்கள் மகளுக்கும் அதே கணக்குதான், ஆனால் 18 ஆகட்டும், அவளே முடிவு செய்துகொள்வாள், இப்போது அவள் கேட்டால் பொய் மட்டும் சொல்லாதீர்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. அண்ணனுக்கும் சேர்த்து மறைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம். மாமியாரிடம் அனுமதி கேட்காமல் அண்ணனுக்கு நேரே போன் போடுங்கள், ரிப்போர்ட்டின் நகலையும் அனுப்புங்கள், அதில் எந்த இடத்தில் கோளாறு என்று எழுதியிருக்கும், அது தெரிந்தால் அவருக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கிற டெஸ்ட் போதும், செலவும் குறைவு.

அன்புடன்,
அக்கா