கிணற்றுக் கயிறு எட்டும் வயது

கேள்வி: நான் ஒரு பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதிவருகிறேன். அதில் 'கோடையர்' என்று நானே உருவாக்கிய ஒரு நாடோடிக் குலம் வருகிறது. ஆடும் ஒட்டகமும் வைத்துக்கொண்டு வறண்ட நிலத்தில் கிணறு கிணறாகப் போகிறவர்கள். பையனுக்குப் பதின்மூன்று வயதானால் தனியே போய் ஓர் ஓநாயைக் கொன்று வர வேண்டும். பெண் வயதுக்கு வந்தால் ஒன்பது நாள் ஓலைக் குடிசையில் உட்கார வேண்டும். சந்தையில் பிடிபடாமல் ஒரு பொருளைத் திருடி வருவதும் ஒரு சடங்கு. படித்துப் பார்த்த தோழி, "எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கு, இவங்க நிஜ மனுஷங்களா தெரியல" என்று சொல்லிவிட்டாள். சடங்குகளில் எப்படி உயிர் வரவைப்பது? கொடுமையான ஒரு வழக்கத்தையும் எழுத நினைக்கிறேன். அது நாடோடி மக்களை இழிவுபடுத்துவதாகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நீங்கள் கூடவே அனுப்பியிருந்த இரண்டு அத்தியாயங்களையும் படித்தேன். இரவில் ஒரு குட்டி காணாமல் போக, தாய் ஆடு கத்திக்கொண்டே இருக்கும் இடம் மிக நன்றாக இருக்கிறது. அந்த இடத்தில் கோடையர் உயிரோடு இருக்கிறார்கள். சடங்கு தொடங்கியதும் உயிர் போய்விடுகிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த இரவுக் காட்சியை நீங்கள் ஆட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். சடங்கை விழாவிலிருந்து எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்பது நாள் குடிசையையே எடுத்துக்கொள்வோம். பச்சை ஓலைக் குச்சு, தாய்மாமன், தனிச் சோறு, தனித் தட்டு, கடைசி நாள் தலைக்குத் தண்ணீர் என்று இது நம் ஊர்ச் சடங்கு. நமக்கு வீடு ஓரிடத்தில் நிற்கிறது, அதனால் பெண்ணையும் ஒன்பது நாள் ஓரிடத்தில் உட்கார வைக்க முடிகிறது. கோடையரால் முடியுமா? இருநூறு ஆடு ஒன்பது நாள் ஒரே கிணற்றடியில் நின்றால் சுற்றியுள்ள புல் வேரோடு போய்விடும். பின்னால் வரும் அடுத்த குடும்பத்துக்குத் தண்ணீர் இருக்காது. சரி, எல்லோரும் கிளம்பிப் போகிறார்கள், பெண்ணை ஒட்டகத்தின் மேலேயே மறைத்துக் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று வையுங்கள். ஒன்பது நாளும் அவள் எதையும் பார்க்காமல் மணியோசையும் வாசனையும் மட்டும் கொண்டு பாதையைத் தெரிந்துகொள்கிறாள். பாருங்கள், அதே சடங்கு நடக்க ஆரம்பித்ததும் அது கோடையருடையதாகிவிடுகிறது.

உலகத்தில் நகர்ந்து வாழும் மக்களின் சடங்குகளைப் பார்த்தால் அவற்றின் பொருளும் சொல்லும் தொழிலிலிருந்தே வந்திருப்பது தெரியும். மத்திய ஆசியாவின் கசாக் மக்களிடம் 'துசாவ் கெசு' என்று ஒரு வழக்கம் உண்டு. குழந்தை நடக்கத் தொடங்கும் சமயத்தில் அதன் இரண்டு கால்களையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டுவார்கள். ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒருவர் அந்தக் கயிற்றை அறுத்துவிடுவார். பிள்ளை அவர் போலவே வர வேண்டும் என்று ஆசை. துசாவ் என்றால் குதிரை ஓடிவிடாமல் முன்கால்களில் போடும் தளை. குதிரைக்குத் தளை போட்டுப் போட்டுப் பழகிய கைகளுக்குத்தான் பிள்ளையின் முதல் நடை, தளை அறுபடுவதாகத் தோன்றும். நாம் உட்கார்ந்து யோசித்தால் இது வராது.

ஐரோப்பாவின் வட கோடியில் வாழும் 'சாமி' என்ற மக்களில் கலைமான் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கலைமானின் காதில் கத்தியால் வெட்டும் அடையாளம்தான் உரிமைப் பத்திரம். ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம், சின்னப் பிள்ளைகளுக்கும் உண்டு. முதல் பல் முளைத்ததற்கு ஒரு கலைமான் பரிசு கொடுக்கும் பழக்கமும் இருந்தது. பிள்ளை வளர வளர அதன் பெயரில் மந்தையும் வளர்கிறது. அங்கே பெரியவனாவது ஒரு நாளில் நடக்கும் காரியமே இல்லை.

அப்புறம் சகாரா பாலைவனத்தின் துவாரெக் மக்கள். அங்கே முகத்தை மூடுவது ஆண்கள். பையன் இளைஞனாகும்போது வாயையும் மூக்கையும் மறைத்துத் தலைத்துணி சுற்றத் தொடங்குகிறான். பெண்கள் முகம் மூடுவதில்லை. கூடாரம் மனைவியின் சொத்து. மணமுறிவு வந்தால் வீடில்லாமல் போவது கணவன்தான். உங்கள் நாவலில் கூடாரம் யாருடையது? இரண்டு அத்தியாயத்திலும் தேடினேன், கிடைக்கவில்லை. இதை நீங்கள் முடிவு செய்துவிட்டால் திருமணம், சண்டை, விதவையின் நிலை, மகள் பிறந்தால் வீட்டில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் தானாகவே வந்து நிற்கும்.

ஓநாயைப் பற்றி. தோழி "எங்கேயோ பார்த்த மாதிரி" என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்க்கும் மாசாய் மக்களின் இளைஞர்கள் ஆடிய சிங்க வேட்டை உலகெங்கும் பேசப்பட்டது. அந்தப் புகழின் நிழல் உங்கள் ஓநாயின் மேல் விழுந்திருக்கிறது. கென்யாவில் அந்த வேட்டைக்குப் பதிலாக 2012 முதல் மாசாய் இளைஞர்களுக்கு ஓட்டம், ஈட்டி எறிதல், உயரம் குதித்தல் என்று போட்டிகள் நடக்கின்றன. ஆனால் மாசாயிடம் என்னை உலுக்கியது வேட்டை அல்ல, இரண்டு சின்ன விஷயங்கள். 'மொரான்' எனப்படும் இளம் வீரன் தனியாகப் பால் குடிக்கக் கூடாது, கூட இன்னொரு மொரான் இருக்க வேண்டும். பசித்த வேளையில் துணை தேடிப் போக வேண்டிய இளைஞனை நினைத்துப் பாருங்கள். 'எவுனோதோ' சடங்கு இன்னொன்று. அந்த வீரர்கள் அடுத்த படிக்குப் போகும்போது, வருடக்கணக்கில் வளர்த்துச் செம்மண் பூசிப் பின்னிய நீள முடியைப் பெற்ற தாயே மழித்துவிடுவாள். ஈட்டிக்கு அஞ்சாத பையன்கள் அந்த இடத்தில் அழுதுவிடுகிறார்கள். எவுனோதோவையும் அதற்கு முன்னும் பின்னும் வரும் இரண்டு சடங்குகளையும் யுனெஸ்கோ 2018இல் அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. உங்கள் பையன் ஓநாயைக் கொன்றுவிட்டுத் திரும்பும் பக்கத்தில் அவன் அம்மாவே இல்லை. அவளைக் கொண்டு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடு மேய்ப்பவருக்கு ஓநாயைக் கொல்வது பெரிய காரியமாக இருக்காது. இரவு முழுக்கத் தூங்காமல் இருப்பதுதான் பெரிய காரியம்.

உங்களுக்கு மிக நெருக்கமாக இருக்கப்போகிறவர்கள் எத்தியோப்பியாவின் தெற்கிலும் கென்யாவின் வடக்கிலும் வாழும் போரானா மக்கள். அவர்களுடைய ஆழ்கிணறுகளுக்குத் 'தூலா' என்று பெயர். கிணற்றுக்குள் ஒருவர் மேல் ஒருவராக வரிசையாக நின்று, கீழேயிருந்து மேலே தண்ணீர் வாளியைக் கைமாற்றி ஏற்றுவார்கள். கை தவறாமல் இருக்கத் தாளத்தோடு பாடுவார்கள். அதனால் அவற்றைப் பாடும் கிணறுகள் என்றே வெளியுலகம் அழைக்கிறது. கிணறு குலத்துக்குச் சொந்தம், யார் மந்தை எப்போது குடிக்க வேண்டும் என்பதற்கு முறை உண்டு. அவர்களை உள்ளடக்கிய ஒரோமோ மக்களின் 'கடா' என்ற அமைப்பு இன்னும் வியப்பானது. எட்டு வருடத்துக்கு ஒரு படி என்று ஆண்கள் வகுப்பு வகுப்பாக ஏறிக்கொண்டே போகிறார்கள். தந்தை எந்த வகுப்போ அதற்கு ஐந்து வகுப்பு தள்ளித்தான் மகன், அதாவது நாற்பது வருடம். இதனால் ஒரே வருடம் பிறந்த இரண்டு பையன்கள் வெவ்வேறு படியில் நிற்க நேரும். உடம்பின் வயது வேறு, ஊர் கொடுக்கும் வயது வேறு. இந்த இடைவெளியில் எத்தனை கதை இருக்கிறது!

இதைப் படித்த நாளிலிருந்து உங்கள் கோடையர் என் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அதனால் ஒரு யோசனை சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையர் வயதை வருடத்தால் எண்ணுவதில்லை என்று வையுங்கள். பிள்ளை பிறந்ததும் ஒட்டக மயிரில் ஒரு முழக் கயிறு திரிக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மயிர் கத்தரிக்கும் காலத்தில் அதே கயிற்றோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திரிக்க வேண்டும். ஏழு வயது வரை அம்மா திரிப்பாள், அதன்பிறகு பிள்ளையே. அவர்கள் பாதையில் இருப்பதிலேயே ஆழமான கிணறு ஒன்று இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் பிள்ளைகள் தங்கள் கயிற்றை இறக்கிப் பார்ப்பார்கள். எந்த வருடம் கயிற்றின் நுனி ஈரமாகி மேலே வருகிறதோ அந்த வருடம் அவர் பெரியவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கயிறு. முதல் வாளியை இறைப்பவர் தான் குடிக்கக் கூடாது. ஆட்டுக்கு ஊற்றி, கிழவர்களுக்கு ஊற்றி, கடைசியாகத்தான் குடிக்கலாம். அதுவரை எப்போதும் முதலில் குடித்த குழந்தை அன்றிலிருந்து கடைசியில் குடிக்கிறது.

இப்போது வறட்சியைக் கொண்டு வாருங்கள். நீர் கீழே இறங்குகிறது. எட்டியிருக்க வேண்டிய கயிறுகள் எட்டவில்லை. ஒரு தலைமுறையே பெரியவர்களாக முடியாமல் கிணற்றடியில் நிற்கிறது. மீசை முளைத்தவன் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சபையில் பேசக் கூடாது, மணம் முடிக்கக் கூடாது. ஒருத்தி இறந்துபோன பாட்டியின் கயிற்றைத் தன் கயிற்றோடு முடிச்சுப் போட்டு இறக்கிவிடுகிறாள். நுனி நனைந்து வருகிறது. முடிச்சைப் பார்த்தது அவள் தம்பி மட்டும். நான் சொல்வது இதோடு போதும், மீதி உங்களுடையது.

சடங்கு எப்போது நடக்கும் என்பதையும் யோசியுங்கள். நீங்கள் கடுங்கோடையில் எல்லாக் குடும்பங்களையும் ஒன்று கூட்டியிருக்கிறீர்கள். நைஜரில் வொடாபே மக்களின் பெரிய கூடல் மழைக்குப் பிறகுதான் வருகிறது. ஆண்கள் முகத்தில் வண்ணம் பூசிக் கண்ணையும் பல்லையும் காட்டி ஆட, பெண்கள் தேர்ந்தெடுக்கும் அந்த விழா புல் இருக்கும் காலத்தில்தான் நடக்க முடியும். பல மந்தைகள் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமே. கோடையில் அவரவர் தனித்தனியாகத்தான் பிழைக்க முடியும்.

கொடுமையான வழக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். ஆனால் அதை எல்லோரும் ஒரே மனதாக ஏற்றுக்கொண்டதாக எழுதாதீர்கள். எந்தக் குலத்திலும் அப்படி இருந்ததில்லை. கென்யாவில் பெண்களின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டது. சட்டத்தோடு கூடவே, மாசாய் சமூகத்திலேயே பெண்கள் கத்தி இல்லாத மாற்றுச் சடங்குகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆசீர்வாதம் உண்டு, பாட்டு உண்டு, பெரியவளாகிவிட்டாள் என்ற மரியாதை உண்டு, வெட்டு மட்டும் இல்லை. உங்கள் நாவலில் வெளியூர்க்காரன் ஒருவன் வந்து கோடையரைத் திருத்தும்படி வைக்காதீர்கள். மறுத்து நிற்கும் பாட்டி உள்ளேயே இருக்கட்டும். அவளுக்கு எதிரே நிற்பவர்களுக்கும் ஒரு பயமும் காரணமும் இருக்கட்டும்.

கடைசியாக அந்தத் திருட்டுச் சடங்கு. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது மனம் கனத்தது. பிரிட்டிஷ் அரசு 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறப்பாலேயே திருடர்கள் என்று பல சமூகங்களை முத்திரை குத்தியது. அலைந்து பிழைத்தவர்கள் அதில் நிறையப் பேர். போலீஸில் பெயர் பதிய வேண்டும், சொல்லாமல் ஊர் மாறக் கூடாது. நடந்தே பிழைப்பவரை நடக்கவிடாமல் செய்வதற்கு என்ன பெயர் சொல்வது? 1952இல் அந்தச் சட்டம் போனது, முத்திரை இன்னும் முழுதாகப் போகவில்லை. பேருந்தில் நரிக்குறவர் ஏறினால் பையை இறுக்கிப் பிடிக்கும் கைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2023 ஜனவரியில்தான். கற்பனைக் குலம்தானே என்று நீங்கள் சொல்லலாம். படிக்கிறவர் நிஜ மனிதர்களை நினைத்துக்கொண்டுதான் படிப்பார். சந்தைக் காட்சி வேண்டும் என்றால், பிள்ளை முதல் முறையாகத் தானே ஓர் ஆட்டை விலை பேசி விற்கட்டும். தான் பெயர் வைத்து வளர்த்த ஆடு. அதுவும் பெரியவனாகும் சடங்குதான்.

இவ்வளவு தூரம் ஆப்பிரிக்காவையும் பனி நாட்டையும் சொன்னேன். உங்களுக்குப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு உங்கள் டெல்டா வயல்களில் கிடை போட வரும் கீதாரிகளைத்தான் சொல்கிறேன். போய்ப் பேசுங்கள். "உங்கள் சடங்கு என்ன" என்று கேட்காதீர்கள், யாருக்கும் பதில் வராது. பையனை எத்தனை வயதில் முதல்முதலாக ராத்திரிக் காவலுக்கு விட்டீர்கள், அன்றைக்கு நீங்கள் தூங்கினீர்களா என்று கேளுங்கள். நாளைக்கு எந்த வயலுக்குப் போவது என்று யார் முடிவு செய்கிறார்கள், பெண்கள் சொன்னால் கேட்பார்களா, நடக்க முடியாத ஆட்டை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பகலில் மேய்ச்சலில் இருப்பார்கள், பொழுது சாயும் நேரமாகப் போங்கள். ஆட்டை அடைக்கும் வேலை முடியும் வரை ஓரமாக நின்றுகொள்ளுங்கள், அப்புறம் பேச்சைத் தொடங்குங்கள்.