தேரிக்காட்டில் வேன் போட்டுத் தங்கலாமா? கேள்வி பதில்

வேனிலேயே படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக்கொண்டு தேரிக்காட்டுப் பக்கம் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வரலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். தேரி தெரியாதவர்களுக்கு: குதிரைமொழி, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் மேடு மேடாகக் கிடக்கும் சிவப்பு மணல் காடு. 1986 வரை எல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டம்தான். இப்போது பெரும்பகுதி தூத்துக்குடிக் கணக்கில்.

மேலப்பாளையம்: அண்ணாச்சி, ஆடி மாதம் போனால் காற்று நன்றாக வீசும், புழுக்கம் இருக்காது என்கிறார்களே?

காற்று வீசும், கூடவே மணலும் வீசும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது; தேரி மணலை இடம் மாற்றிப் போடுவதும் அதுதான். ஆனி தொடங்கி ஆவணி வரை சோற்றில் மணல், கண்ணில் மணல். ஆடிக்குக் குற்றாலம் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தையும் மாசியும்தான் தேரிக்கு ஏற்ற மாதங்கள். பள்ளிக்கூட லீவு மே மாதம்தான் என்றால் ஒரே ஒரு இரவு. சாயங்காலம் நாலு மணிக்குப் போய், காலை வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுங்கள்.

திசையன்விளை: எங்களிடம் டெம்போ டிராவலர் இருக்கிறது. மணலுக்குள் எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

ஒரு அடிகூட வேண்டாம் தம்பி. வீடு மாதிரி சாமான் ஏற்றிய வண்டி மூன்று டன்னுக்குக் குறையாது, இழுவையோ பின்சக்கரத்தில் மட்டும். தார் ரோடு முடிகிற இடத்தில், கெட்டியான தரையில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வண்டி கரையில், கால் மணலில். இந்த ஒன்றை மட்டும் கேட்டால் போதும், மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் வைத்திருப்பவர்கள் கதை வேறு. டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து மணலில் மிதக்கும். திரும்ப நிரப்பப் பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் வேண்டும். காற்று குறைந்த டயரோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் சூடேறி வெடிக்கும்.

அப்படியும் மாட்டிக்கொண்டால், சக்கரம் சும்மா சுற்றுகிறது என்று தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். மேலும் மிதித்தால் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும். சக்கரத்துக்கு முன்னால் மண்வெட்டியால் சரிவாக வெட்டி, பழைய சாக்கை விரித்து, மெதுவாக ஏற்றுங்கள். பக்கத்தில் கிடக்கிறதே என்று பனைமட்டையை எடுத்துப் போடாதீர்கள். அதன் இரண்டு ஓரமும் கருக்கு, அரம்பப் பல் போல இருக்கும். உடைமரத்தடியில் நிறுத்துவதும் அப்படித்தான். நிழல் குடை விரித்தது மாதிரிதான் தெரியும். கீழே விரல் நீளத்துக்கு வெள்ளை முள், சாதாரண செருப்பையே துளைத்துவிடும்.

பாளையங்கோட்டை: வண்டியில் இரவு முழுக்க ஏசி போடப் பேட்டரி தாங்குமா?

தாங்காது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் மொத்தம் 1200 வாட்-அவர். ஈய-அமிலப் பேட்டரியானால் பாதிதான் எடுக்கலாம். ஏசி ஆயிரம் வாட் இழுத்தால் முக்கால் மணி நேரம்கூட வராது. அதே பேட்டரியில் 25 வாட் ஃபேன் இரண்டை விடிய விடிய ஓட்டலாம். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் விடியற்காலை போர்வை தேடுவீர்கள்.

சங்கரன்கோவில்: தண்ணீர் அங்கேயே கிடைக்குமா?

தேரி மணல் மழையைக் குடித்துவிடும். மேலே ஒரு சொட்டு நிற்காது. தாழ்ந்த இடங்களில் சுனையாக ஊறும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் சுனை அப்படிப்பட்டதுதான். அதை நம்பிப் போகக் கூடாது, அது சாமி தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க ஐந்து லிட்டர், சமைக்கவும் கழுவவும் இன்னொரு பத்து. நான்கு பேர், இரண்டு நாள் என்றால் 20 லிட்டர் கேன் ஆறு. அடுக்கிவிட்டு, ஏழாவதாக ஒன்றையும் வைத்துவிடுங்கள்.

தென்காசி: இரவில் தீ மூட்டி உட்காரலாமா?

கூடாது. குதிரைமொழித் தேரியில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே தங்குவதே தப்பு, தீ இன்னும் பெரிய தப்பு. கரையில் இருக்கும் பனந்தோப்பும் முந்திரித் தோப்பும் யாரோ ஒருவருடைய பட்டா நிலம். ஆளைத் தேடிப் பிடித்து, "ஒரு ராத்திரி வண்டி போட்டுக்கிடட்டுமா?" என்று கேளுங்கள். நம் பக்கத்து ஆட்கள் முறையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். வண்டிக்கு வெளியே வைத்துச் சமையுங்கள். கறிச்சோறு கோவில் பக்கம் சமைப்பதாக இருந்தால் முதலில் பூசாரியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

களக்காடு: பாம்பு?

உண்டு. மணல் பூமியில் சுருட்டை விரியன் இரவில்தான் நடமாடும். சின்னதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். டார்ச், ஷூ இல்லாமல் இறங்காதீர்கள். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். ஆளை அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கே.டி.சி. நகர்: அண்ணாச்சி, மகன் அமெரிக்காவில் இருக்கிறான். ஜூலையில் நாங்கள் போகும்போது ஆர்.வி. (வீடு மாதிரி வசதியுள்ள வேன்) வண்டி எடுத்து டெத் வேலி பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான் அக்கா. 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. கோடையில் அங்கே வண்டியைக் கொண்டு போகக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதும் கம்பெனிகள் உண்டு. மகனை முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை என்றால் தாராளமாகப் போகலாம். பாலைவனத்தில் நிறைய இடத்தில் போன் சிக்னல் இருக்காது, சில முகாம்களில் தண்ணீர்க் குழாயும் இருக்காது. நம் தேரியில் அரைமணி நடந்தால் ஒரு டீக்கடையாவது தட்டுப்படும். அங்கே அந்தக் கணக்கு உதவாது.

அம்பாசமுத்திரம்: பழைய வேனை நாமே கேரவனாக மாற்றிக்கொள்ளலாமா?

ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் கூடாது. பெட், அடுப்பு என்று உள்ளே இஷ்டத்துக்கு வெல்டிங் வைத்தால் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) சோதனையில் நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். கழற்றி மாட்டுகிற கட்டில், சாமான் பெட்டி போதும்.

நாங்குநேரி: பதநீர் கிடைக்குமா?

மாசிக் கடைசியிலிருந்து கேட்டுப் பாருங்கள். பனை ஏறுகிறவர் காலையில் இறங்கும் நேரத்துக்குப் போனால் ஓலைப்பட்டையில் ஊற்றித் தருவார். அங்கேயே குடித்துவிடுங்கள். கேனில் வாங்கி வண்டியில் வைத்து மத்தியானம் குடிக்கலாம் என்று நினைத்தால் புளித்துப் பொங்கிவிடும்.