சாரா ஜேனை எதுக்கு மன்னிக்கணும்?

அன்புள்ள சார்,

நீங்க சொன்னீங்கன்னு 'இமிட்டேஷன் ஆஃப் லைஃப்' (1959) பாத்தேன். கடைசி சாவு ஊர்வலத்துல அழுதுட்டேன். ஆனா மறுநாள் யோசிச்சா எரிச்சலா வருது. பெத்தவளையே யாரோன்னு சொல்ற பொண்ணு, அத்தனையும் தாங்கிக்கிற அம்மா, இதுல பெருசா என்ன இருக்கு? அந்த சாரா ஜேனை என்னால மன்னிக்கவே முடியல.

- ஆர்.

ஆர்.,

அழுததுக்கு எதுக்கு கூச்சம், பாடகி மஹாலியா ஜாக்சனைப் பாட வச்சு, நாலு வெள்ளைக் குதிரை பூட்டின வண்டியில பொட்டியை ஏத்தினா யாருக்குத்தான் கண்ணு கலங்காது, டைரக்டர் டக்ளஸ் சர்க் தெரிஞ்சேதான் பண்றார். ஆனா உங்க கோவம் தப்பான ஆள் மேல இருக்கோன்னு தோணுது.

சாரா ஜேன், வீட்டு வேலை செய்யற கறுப்பின அம்மா ஆனியோட வெளுப்பான பொண்ணு, வெள்ளைக்காரின்னு சொல்லிக்கிட்டு வாழப் பாக்கறா. அந்தப் பொண்ணு அம்மாவை விட்டு ஓடலைங்க, கறுப்புங்கற முத்திரையை விட்டுத்தான் ஓடறா. அமெரிக்காவுல அப்போ 'ஒரு சொட்டு ரத்தம்'னு ஒரு கணக்கு இருந்துச்சு, முப்பாட்டி ஒருத்தி கறுப்பா இருந்தா போதும், உன் தோல் எவ்வளவு வெளுப்பா இருந்தாலும் நீ கறுப்புதான். வெர்ஜீனியாவுல 1924ல இதை சட்டமாவே போட்டு கலப்புக் கல்யாணத்தைத் தடுத்தாங்க, உச்ச நீதிமன்றம் அதை ஒழிச்சது 1967ல, அதாவது இந்தப் படம் வந்து எட்டு வருஷம் கழிச்சு. படம் நடக்கறது நியூயார்க்லதான், ஆனா அங்கயும் அவளோட காதலன் உங்கம்மா கறுப்பியான்னு கேட்டு சந்துல போட்டு அடிக்கறானே. அதைவிட எனக்கு வலிச்சது அந்த ஸ்கூல் சீன். பனிக்கு பூட்ஸ் கொண்டு வந்து குடுக்கறா அம்மா, பாசத்துலதான், ஆனா அவ கிளாஸ் வாசல்ல வந்து நின்னதே புள்ளையைக் காட்டிக்குடுத்துருது. அவ என்ன பண்ணாலும் இப்படித்தான் ஆகுது, பாவம்.

அப்புறம், சாரா ஜேன் ஓடிப்போய் ஆட்டக்காரியா இருக்கற அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் மோட்டல் ரூம். கூட ஆடற பொண்ணு திடீர்னு உள்ள வந்ததும் ஆனி தானே முந்திக்கிட்டு, நான் இவளை வளத்த ஆயா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்ங்கறா. மகளோட பொய்யை அம்மாவே தூக்கிக்கிறா. ஆனி போனப்புறம் அந்தக் கூட ஆடற பொண்ணு, ஓ உனக்கு ஆயால்லாம் இருந்தாங்களான்னு கிண்டலா கேக்க, சாரா ஜேன் சொல்றா, ஆமா, ஆயுசு பூரா. மன்னிப்பு கேக்கறதுன்னா அவளுக்கு அவ்வளவுதான் முடியும், ஏன்னா பக்கத்துல ஆள் நிக்குது.

உங்களுக்கு யார் மேலயாவது கோவம் வரணும்னா லோரா மேல வரலாம். ஆனி வேலை செய்யற வீட்டுக்கார நடிகை, லானா டர்னர் நடிச்ச வேஷம், நல்லவதான், சம்பளம் குடுக்கறா, அன்பா பேசறா. ஒருநாள் ஆனி எனக்கு நூத்துக்கணக்குல தெரிஞ்சவங்க இருக்காங்க, சர்ச் இருக்கு, சங்கம் இருக்குன்னு சொன்னதும் அடடே எனக்குத் தெரியாதேங்கறா, பத்து வருஷம் ஒரே வீட்ல இருந்துட்டு. நீங்க கேக்கவே இல்லையேம்மான்னு ஆனி சொல்றது எவ்வளவு சாதாரணமா வருது பாருங்க. கடைசியில ரோடு நிறைய நிக்கற ஜனம் அவங்கதான். படம் பூரா லோரா டிரெஸ்ஸையே பாத்துட்டிருந்த நாமளும்தான் கேக்கல.

ஒரு குறை உண்டு எனக்கு. சாரா ஜேனா நடிச்ச சூசன் கோனர் கறுப்பினப் பொண்ணு இல்ல, அம்மா மெக்சிகோ நடிகை, அப்பா யூதர். நல்லாத்தான் நடிச்சாங்க, அம்மாவா வந்த ஹுவானிட்டா மூரும் இவங்களும் ஒரே ஆஸ்கர் பிரிவுல பரிந்துரை ஆனாங்க, ரெண்டு பேருக்கும் கிடைக்கல. ஆனா 1934ல வந்த முதல் படத்துல இதே வேஷம் ஃப்ரெடி வாஷிங்டன், நிஜமாவே வெளுப்பா இருந்த கறுப்பினப் பொண்ணு, வெள்ளைக்காரியா வேஷம் கட்டினா பெரிய ஸ்டார் ஆகலாம்னு இருந்தும் மாட்டேன்னவங்க. அதுக்கு முந்தின வருஷம் கறுப்பின நடிகர் பால் ராப்சனோட அவங்க நடிச்ச சீனை, ஜனங்க வெள்ளைக்காரின்னு நெனச்சுருவாங்களேன்னு பயந்து, மொகத்துல கறுப்பு மேக்கப் பூசி திரும்ப எடுத்தாங்க.