காலேஜ் பாஸ்கெட்பால்ல நவம்பர் மாச ஆட்டத்த வச்சு டீம எடை போடலாமா?

"நான்-கான்ஃபரன்ஸ்" (non-conference) மேட்ச்னா என்ன, அதுல தோத்தா சீசன் போச்சான்னு நிறைய பேர் கேக்குறாங்க. சிம்பிளா சொன்னா, அமெரிக்க காலேஜ் டீம்கள் சொந்த லீக் ஆட்டங்களுக்கு முன்னாடி நவம்பர், டிசம்பர்ல பெரும்பாலும் வெளி லீக் டீம்களோட ஆடுற மேட்ச்.

அப்போ ஏன் தடுமாறுறாங்கன்னா வருஷா வருஷம் ஆளுங்க மாறுறாங்க. புது வீட்டுக்குக் குடிபோன முதல் வாரம் சமைக்கிற மாதிரிதான், கை அதே கைதான் ஆனா உப்பு டப்பா எங்கன்னு தேடணும். டிஃபன்ஸ்ல பாருங்க, ரெண்டு பேர் ஒரே ஆள் மேல ஓடுவாங்க, மூலைல எதிர் டீம் ஆள் ஒருத்தன் தனியா நின்னு நிதானமா தூரத்துல இருந்து மூணு பாயிண்ட் ஷாட் போட்டுட்டுப் போவான்.

நான் நார்த் கரோலைனா காலேஜ் டீம் ஃபேன். 2021ல ஹியூபர்ட் டேவிஸ் கோச்சா வந்த முதல் சீசன், நவம்பர்ல பர்டியூ, டென்னசி ரெண்டு பேர்கிட்டயும் அடுத்தடுத்த நாள் தோத்தோம், டிசம்பர்ல கென்டக்கி 98-69னு நொறுக்கிட்டாங்க, மனசே விட்டுப்போச்சு. ஆனா ஓக்லஹோமால இருந்து வந்த பிரேடி மேனெக் ஜனவரில ஆட்டத்த ஆரம்பிக்கிற அஞ்சு பேர்ல ஒருத்தரா வந்ததும் டீமே மாறிச்சு! சீசன் கடைசில நடக்குற தேசிய சாம்பியன்ஷிப்பான மார்ச் டோர்னமெண்ட்ல, 2022 அரையிறுதில டியூக்க 81-77ன்னு ஜெயிச்சு ஃபைனல் போனோம், கான்சஸ்கிட்ட 72-69ல தோத்தது இன்னும் வலிக்குது.

அதுக்காக நவம்பர் ஆட்டமெல்லாம் வெறும் ப்ராக்டிஸ், கணக்குல வராதுன்னு பலர் நினைக்கிறது தப்பு, மார்ச் டோர்னமெண்ட்டுக்கு டீம்களத் தேர்வு பண்ணும்போது அந்தத் தோல்விகளையும் பாப்பாங்க, அந்த வருஷம் எங்களுக்குக் கிடைச்சது 8வது சீட் (seed, அதாவது டோர்னமெண்ட் தரவரிசை இடம்) தான்.